செவெல் காரின் முன்பக்கத்தைத் தாழ்த்துதல்: சஸ்பென்ஷன் பாகங்களைத் தேர்ந்தெடுக்க முழுமையான வழிகாட்டி

1968 முதல் 1972 வரை வெளிவந்த செவ்ரோலெட் செவெல், ஆலையிலிருந்து வரும்போதே முன்பக்கம் சற்று உயர்ந்து நிற்கும் கார். முன் சக்கரத்துக்கும் ஃபென்டர் விளிம்புக்கும் இடையிலுள்ள இடைவெளியை இரண்டு அங்குலம் குறைத்தாலே அதன் தோற்றம் முற்றிலும் மாறிவிடும் என்பதால், இந்தக் காரை வாங்குபவர்களில் பலர் முதலில் தேடுவது தாழ்வான ஸ்பிரிங்கைத்தான். பாகங்களை அந்த வரிசையில் வாங்குவது சரியல்ல என்பதே இக்கட்டுரையின் அடிப்படைக் கருத்து. இந்த சேஸிஸில் உயரத்தைவிடப் பெரிய குறை ஒன்று இருக்கிறது. அதைத் தீர்க்கும் பாகங்களை முதலில் முடிவு செய்துவிட்டு, உயரத்தை அவற்றுக்கு ஏற்ப அமைத்துக்கொண்டால், ஒரே வேலையை இரண்டு முறை செய்ய நேராது.

இங்கே சொல்லப்படுபவை பெரும்பாலும் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் 'ஏ-பாடி' குடும்பம் முழுவதற்கும் பொருந்தும். பான்டியாக் ஜிடிஓ, ஓல்ட்ஸ்மொபைல் கட்லஸ், பியூக் ஸ்கைலார்க் ஆகியவை செவெலின் உடன்பிறப்புகள்; 1964–67 மாடல்களிலும் முன் சஸ்பென்ஷனின் அமைப்பு இதுவே. 1967–69 காமரோவின் சேஸிஸ் வேறு என்றாலும் சக்கரத்தைத் தாங்கும் ஸ்பின்டில் பொதுவானது என்பதால், வடிவியல் (பாகங்கள் நிற்கும் கோணங்களும் உயரங்களும்) பற்றிய பகுதி அதற்கும் பொருந்தும். கிரைஸ்லர் நிறுவனத்தின் டாட்ஜ், பிளிமத் கார்கள் சுருள் ஸ்பிரிங்குக்குப் பதில் முறுக்குத் தண்டுகளைக் கொண்டவை. அவற்றைத் தாழ்த்தும் முறை முற்றிலும் வேறு.

உண்மையான குறை எங்கே இருக்கிறது

செவெலின் முன்பக்கத்தில் ஒவ்வொரு சக்கரத்துக்கும் நீளம் வேறுபட்ட இரண்டு ஆர்ம்கள் (சக்கரத்தைச் சேஸிஸோடு இணைக்கும் கைகள்) உண்டு. நீளமான கீழ் ஆர்முக்கும் சேஸிஸுக்கும் இடையில் சுருள் ஸ்பிரிங் அமர்ந்திருக்கிறது. ஷாக் அப்சார்பர் அந்தச் சுருளுக்குள் நிற்கிறது. இரு ஆர்ம்களின் வெளிமுனைகளையும் பால் ஜாயின்டுகள் (எல்லாப் பக்கமும் அசையும் உருண்டை மூட்டுகள்) வழியாக இணைத்து, சக்கரத்தைத் தாங்கும் உலோக வார்ப்பே ஸ்பின்டில்.

இந்த ஸ்பின்டிலின் உயரம் போதாது. அதனால் மேல் ஆர்மின் வெளிமுனை, அதன் உள்முனையைவிடத் தாழ்ந்து, வெளிப்புறமாகச் சரிந்து நிற்கிறது. கார் ஒரு வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் சேஸிஸை நோக்கி மேலேறுகிறது. அப்போது சரிந்திருக்கும் மேல் ஆர்ம் கிடைமட்டத்தை நோக்கி நிமிர்வதால், அதன் வெளிமுனை சக்கரத்தின் மேற்பகுதியை வெளியே தள்ளுகிறது. அதாவது, டயரின் உச்சி உள்ளே சாய வேண்டிய நேரத்தில் வெளியே சாய்கிறது. உடலும் அதே திசையில் சாய்வதால் இரண்டும் சேர்ந்து டயரை அதன் வெளி விளிம்பின் மீது நிறுத்திவிடுகின்றன. அந்தக் காலத்துக் குறுக்கு இழை டயர்களுக்கு இது ஓரளவு ஒத்துப்போனது. அகலமான ரேடியல் டயருக்கு, குறிப்பாகப் பக்கச்சுவர் குறைந்த 17, 18 அங்குல டயருக்கு, இது சிறிதும் ஒத்துவராது.

இதே வகைக் குறையை ஃபோர்டு தரப்பில் எப்படித் தீர்த்தார்கள் என்பதைப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். ஃபோர்டு மஸ்டாங்கை அடிப்படையாகக் கொண்ட 1965ஆம் ஆண்டு ஷெல்பி ஜிடி350 காரில் மேல் ஆர்மின் உள் பிடிப்பு ஏறத்தாழ ஓர் அங்குலம் கீழே இறக்கப்பட்டது. ஸ்பின்டில் மாறவில்லை, ஆர்மின் உள்முனை கீழே வந்ததால் அதன் சரிவு மாறியது, டயர் சாலையில் நிற்கும் விதமும் மாறியது. காமரோவுக்குப் பந்தய ஓட்டுநர் டிக் குல்ட்ஸ்ட்ராண்ட் பெயரால் அறியப்படும் மாற்றமும் இதே வழியைச் சேர்ந்தது. சேஸிஸில் புதிய துளையிடாமல் அதே பலனைப் பெற, உள்முனையை இறக்குவதற்குப் பதிலாக வெளிமுனையை உயர்த்தலாம். இன்று சந்தையில் கிடைக்கும் நல்ல பாகங்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது வழியைப் பின்பற்றுபவை.

படி 1: கார் எதற்காக என்பதை முடிவு செய்தல்

வார இறுதியில் ஓட்டுவதற்கா, நெடுந்தூரப் பயணத்துக்கா, பந்தயத் தடத்தில் திருப்பிப் பார்ப்பதற்கா, அல்லது கால் மைல் நேர்கோட்டு ஓட்டத்துக்கா என்பதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நேர்கோட்டு ஓட்டத்துக்கு முன்பக்கம் எளிதாக உயர வேண்டும், அதனால் மென்மையான ஸ்பிரிங் வேண்டும்; வளைவுகளுக்கு அதற்கு நேர்மாறானது வேண்டும். இரண்டுக்கும் பொதுவான ஒரு தொகுப்பு என்று விற்கப்படுவது இரண்டில் ஒன்றுக்கும் முழுமையாகப் பயன்படாது. இந்தக் கட்டுரை தெருவில் ஓடி, வளைவுகளில் நம்பிக்கையோடு திரும்ப வேண்டிய காரை மனத்தில் கொண்டது.

எஞ்சினையும் குறித்துக்கொள்ள வேண்டும். இரும்பு வார்ப்பிலான 396 அல்லது 454 கன அங்குலப் பெரிய பிளாக் எஞ்சின், 350 போன்ற சிறிய பிளாக்கைவிட 100 பவுண்டுக்கும் மேல் கூடுதல் எடை கொண்டது. அலுமினியத் தலைகள், அலுமினிய இன்டேக், ஏர் கண்டிஷனர் உண்டா இல்லையா, பேட்டரி முன்னால் இருக்கிறதா பின்னால் போய்விட்டதா என்பவையெல்லாம் ஸ்பிரிங் தேர்வை மாற்றும். ஸ்பிரிங் விற்பவரிடம் காரின் ஆண்டை மட்டும் சொல்லி வாங்கினால், உங்கள் காரில் இல்லாத ஓர் எஞ்சினுக்கான ஸ்பிரிங் வந்து சேரக்கூடும்.

படி 2: தேய்ந்தவற்றைக் கண்டுபிடித்தல்

ஐம்பது ஆண்டுகளைக் கடந்த காரில் புதிய ஸ்பிரிங்கைப் பொருத்துவதற்கு முன், அதைத் தாங்கும் இடங்கள் உறுதியாக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். கீழ் ஆர்மின் ஸ்பிரிங் பள்ளம், சேஸிஸில் மேல் ஸ்பிரிங் அமரும் கூடு, கீழ் ஆர்ம் பொருத்தப்படும் காதுகள் ஆகிய மூன்று இடங்களிலும் துருவும் விரிசலும் தேடுங்கள். பால் ஜாயின்ட், ஸ்டியரிங் அசைவைச் சக்கரங்களுக்குக் கொண்டுசெல்லும் ஐட்லர் ஆர்ம், சென்டர் லிங்க், டை ராடு முனைகள், ஸ்டியரிங் பெட்டிக்கும் தண்டுக்கும் இடையிலுள்ள ரப்பர் இணைப்பு ஆகியவற்றில் தளர்வு இருந்தால், எவ்வளவு விலையுயர்ந்த சஸ்பென்ஷனும் கார் அலைவதை நிறுத்தாது. உடலுக்கும் சேஸிஸுக்கும் இடையிலுள்ள ரப்பர் தாங்கிகள் நசுங்கிப்போயிருந்தால் ஃபென்டரின் உயரமே தவறாகத் தெரியும். அதை நம்பி எடுக்கும் அளவும் தவறாகிவிடும்.

ஆர்ம்கள் சேஸிஸில் சுழலும் இடத்திலுள்ள புஷ்களைப் பற்றி இங்கேயே முடிவு எடுத்துவிடலாம். ரப்பர் புஷ் அமைதியானது, பராமரிப்பே தேவையில்லாதது. ஆனால் பாரம் ஏறும்போது நெகிழ்வதால் அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணம்) கணத்துக்குக் கணம் சற்று மாறும். பாலியூரித்தேன் புஷ் விறைப்பானது. கிரீஸ் இல்லாமல் போனால் கிறீச்சிடும், இறுகிப் பிடிக்கும். டெல்ரின் போன்ற கடினப் பிளாஸ்டிக்கும் உலோக உறையும் சேர்ந்த புஷ்கள் தடையின்றிச் சுழல்கின்றன, அதேசமயம் பக்கவாட்டில் நெகிழ்வதில்லை. வளைவுகளில் ஓட்ட விரும்புவோருக்கு மேல் ஆர்மில் டெல்ரின் வகையையே பரிந்துரைப்பேன். கீழ் ஆர்ம் புஷ்களின் வடிவம் ஆண்டுக்கு ஆண்டு மாறியிருக்கிறது. வட்டமும் உண்டு, நீள்வட்டமும் உண்டு. பழைய ஆர்மைக் கழற்றிப் பார்த்த பிறகு ஆர்டர் செய்வதே பாதுகாப்பு.

படி 3: அளவெடுத்தல்

சமதளத் தரையில், பெட்ரோல் தொட்டி பாதி நிரம்பிய நிலையில், டயர் காற்றழுத்தத்தைச் சரிபார்த்துவிட்டு, காரை ஒரு முறை முன்னும் பின்னும் உருட்டி நிறுத்துங்கள். சக்கர மையத்திலிருந்து ஃபென்டர் விளிம்பு வரையிலான உயரம் தோற்றத்துக்கான அளவு. வடிவியலுக்கான அளவு வேறு: கீழ் ஆர்மின் உள் போல்ட் மையம் தரையிலிருந்து எவ்வளவு உயரம், கீழ் பால் ஜாயின்டின் மையம் எவ்வளவு உயரம் என்ற இரண்டையும் எடுத்து, வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மேல் ஆர்முக்கும் அதே போல. இந்த நான்கு எண்கள் கையில் இருந்தால், எந்தப் பாகத்தைப் பொருத்தினாலும் அது உண்மையில் என்ன செய்தது என்பதை ஊகிக்காமல் சொல்லிவிடலாம்.

பம்ப் ஸ்டாப் எனப்படும் ரப்பர் தடுப்புக்கும் அது மோதும் இடத்துக்கும் உள்ள இடைவெளியையும் அளக்க வேண்டும். கீழ் ஆர்மின் நடுப்பகுதியில் ஓர் அங்குலம் என்பது சக்கரத்தில் அதைவிட அதிகம் என்பதை நினைவில் வையுங்கள். இரண்டு அங்குலம் தாழ்த்தப்போகிற காரில் சக்கரத்தின் அந்த இரண்டு அங்குலப் பயணமும் இந்த இடைவெளியிலிருந்துதான் கழியும். விதிவிலக்கு டிராப் ஸ்பின்டில் மட்டும். அதைப் பற்றிப் படி 5இல் பார்ப்போம்.

படி 4: வடிவியலைச் சரிசெய்யும் பாகங்கள்

பணத்தை முதலில் செலவிட வேண்டிய இடம் இதுவே. மேல் ஆர்மின் வெளிமுனையை உயர்த்த மூன்று வழிகள் இருக்கின்றன.

முதல் வழி, உயரமான ஸ்பின்டில். 1977 முதல் 1996 வரை வந்த பெரிய செவ்ரோலெட் கார்களின் ஸ்பின்டிலைக் கழற்றி வந்து செவெலில் பொருத்தும் பழக்கம் ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. விலை குறைவு, பெரிய டிஸ்க் பிரேக்கும் சேர்ந்தே கிடைத்தது. ஆனால் அவற்றின் ஸ்டியரிங் ஆர்ம் செவெலின் டை ராடுக்கு ஏற்றதல்ல. சக்கரம் மேடு பள்ளத்தில் ஏறி இறங்கும்போது, ஸ்டியரிங்கைத் திருப்பாமலேயே சக்கரம் தானாகத் திரும்பும் 'பம்ப் ஸ்டியர்' என்ற கோளாறு இதனால் கடுமையானது. இப்போது செவெலுக்கென்றே வடிவமைத்த உயரமான ஸ்பின்டில்கள் கிடைக்கும் நிலையில் அந்தப் பழைய வழியைத் தேர்ந்தெடுக்கக் காரணம் எதுவும் இல்லை.

இரண்டாவது வழி, உயரமான பால் ஜாயின்ட். ஹோவ், புரோஃபோர்ஜ்டு போன்ற நிறுவனங்கள் வழக்கத்தைவிட அரை அங்குலம் நீளமான தண்டு கொண்ட மேல் பால் ஜாயின்டுகளை விற்கின்றன. ஆலை ஸ்பின்டிலையே வைத்துக்கொண்டு, மேல் ஆர்மின் வெளிமுனையை அரை அங்குலம் உயர்த்திவிடலாம். செலவுக்குக் கிடைக்கும் பலனை வைத்துப் பார்த்தால் இதற்கு இணையான மாற்றம் இந்தக் காரில் வேறெதுவும் இல்லை என்பது என் கருத்து. கீழ் பால் ஜாயின்டிலும் உயரமானவை உண்டு. ஆனால் அவை ஸ்பின்டிலோடு ஸ்டியரிங் ஆர்மையும் சேர்த்து உயர்த்துவதால் டை ராடின் கோணம் மாறி, பம்ப் ஸ்டியர் மீண்டும் தலைதூக்கலாம். கீழே உயரமான ஜாயின்டைப் போடுபவர் டை ராடின் வெளிமுனை உயரத்தைச் சரிசெய்யும் கிட் ஒன்றையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். அது காரையும் அரை அங்குலம் தாழ்த்தும் என்பதை மறக்கக் கூடாது.

மூன்றாவதாகச் சொல்ல வேண்டிய புதிய மேல் ஆர்ம், தனி வழி என்பதைவிட முதல் இரண்டையும் நிறைவு செய்யும் பாகம். ஆலை ஆர்மில் பால் ஜாயின்ட் பொருத்தப்படும் தட்டின் கோணம், ஆலை உயரத்துக்காக அமைக்கப்பட்டது. காரைத் தாழ்த்தி, உயரமான ஜாயின்டையும் போட்ட பிறகு, அதே தட்டில் பால் ஜாயின்ட் தன் அசைவின் எல்லையை எட்டிவிடும். தண்டு கிண்ணத்தின் விளிம்பில் முட்டி வளையவோ உடையவோ வாய்ப்புண்டு. யுஎம்ஐ, ஹாட்ச்கிஸ், ரைட்டெக், குளோபல் வெஸ்ட், எஸ்பிசி போன்ற நிறுவனங்களின் குழாய் ஆர்ம்களில் இந்தக் கோணம் திருத்தப்பட்டிருக்கிறது. பால் ஜாயின்டும் பின்னோக்கி நகர்த்தப்பட்டிருப்பதால் கூடுதல் காஸ்டர் (ஸ்டியரிங் அச்சின் பின்னோக்கிய சாய்வு) கிடைக்கிறது. எஸ்பிசி ஆர்மில் நீளத்தையே கூட்டிக் குறைக்கலாம் என்பதால், விபத்தில் சற்று வளைந்து நிமிர்த்தப்பட்ட சேஸிஸுக்கு அது மிகவும் உதவும்.

கீழ் ஆர்மை மாற்றுவது அவசரமில்லை. ஆலையின் அழுத்தத் தகட்டு ஆர்ம் உறுதியானதுதான். புதிய புஷ்ஷும் பால் ஜாயின்டும் போட்டால் தெருக் காருக்கு அது போதும். ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒரே அலகான காயில்ஓவருக்குப் போகிறவர்களுக்கு மட்டும் இதில் விதிவிலக்கு உண்டு.

படி 5: எந்த வழியில் தாழ்த்துவது

ஸ்பிரிங் கீழ் ஆர்மின் நடுப்பகுதியில் அமர்ந்திருப்பதால், அதன் அசைவு சக்கர அசைவில் ஏறத்தாழப் பாதி. இதிலிருந்து இரண்டு விளைவுகள் பிறக்கின்றன. ஸ்பிரிங்கின் உயரம் அரை அங்குலம் குறைந்தால் கார் ஏறத்தாழ ஓர் அங்குலம் தாழும். ஸ்பிரிங்கின் விறைப்பு சக்கரத்தில் கால் பங்காக மட்டுமே உணரப்படும், ஏனெனில் அந்த விகிதம் இருமடியாக வேலை செய்கிறது. ஓர் அங்குலத்துக்கு 550 பவுண்டு விறைப்புள்ள ஸ்பிரிங் என்று கேட்டவுடன் கார் குதிக்கும் என்று அஞ்ச வேண்டாம்; சக்கரத்தில் அது 140 பவுண்டுக்கும் குறைவு.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு முன் மூலையில் ஸ்பிரிங் தாங்க வேண்டிய எடை 900 பவுண்டு என்று கொண்டால், ஸ்பிரிங்கின் மீது விழும் விசை 1,800 பவுண்டு. 350 பவுண்டு விறைப்புள்ள ஸ்பிரிங் இந்த விசையில் 5.1 அங்குலம் அமுங்கும். 550 பவுண்டு ஸ்பிரிங் 3.3 அங்குலம் மட்டுமே அமுங்கும். எனவே இரண்டும் ஒரே நீளம் என்றால் விறைப்பானது காரை ஏறத்தாழ மூன்றரை அங்குலம் உயர்த்திவிடும். விறைப்பான ஸ்பிரிங் போட்ட பிறகு கார் தாழ்வதற்குப் பதில் உயர்ந்துவிட்டது என்று புலம்புவோர் பலரிடம் இந்தக் கணக்கே விடுபட்டிருக்கும். வாங்கும்போது விறைப்பையும் கட்டற்ற நீளத்தையும் (பாரம் ஏறாதபோதுள்ள நீளம்) சேர்த்தே கேளுங்கள்.

தாழ்வான ஸ்பிரிங்கின் நன்மை, விலைக் குறைவு மட்டுமல்ல. கார் ஸ்பிரிங்கால் தாழும்போது ஆர்ம்களின் வெளிமுனைகள் சேஸிஸோடு ஒப்பிடுகையில் மேலேறுவதால், மேல் ஆர்மின் சரிவு தானாகவே ஓரளவு குறைகிறது. ஆனால் அதே காரணத்தால், உடல் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தச் சாய்வு மையமும் கீழே போய்விடுகிறது. காரின் ஈர்ப்பு மையம் தாழ்வதைவிட அது வேகமாகத் தாழும்போது, உடல் சாய்வு குறைவதற்குப் பதில் கூடும். ஓர் அங்குலம் வரை இது பெரிய சிக்கலில்லை. இரண்டு அங்குலத்தைத் தாண்டும்போது ஸ்பிரிங்கின் விறைப்பாலும், உடல் சாய்வைக் குறைக்கும் தண்டான ஆன்டி-ரோல் பாராலும் அதை ஈடுகட்ட வேண்டிவரும்.

பழைய ஸ்பிரிங்கை வெட்டலாமா என்ற கேள்வி எப்போதும் எழுகிறது. வெட்டலாம், ஆனால் வெட்டும் தட்டுக் கருவியால் மட்டுமே, ஒரு முறைக்குக் கால் சுற்று என்ற அளவில், தட்டையாக அமைந்த முனையைத் தொடாமல் வெட்ட வேண்டும். வேலை செய்யும் சுற்றுகள் குறைவதால் விறைப்பும் கூடும்: எட்டுச் சுற்று ஏழரையானால் விறைப்பு ஏறத்தாழ 7 சதவீதம் உயரும். எரிவாயுச் சுடரால் வெட்டுவதோ, சுருளைச் சூடாக்கி உட்காரவைப்பதோ எஃகின் பதத்தை அழித்துவிடும். அத்தகைய ஸ்பிரிங்கோடு ஒரு காரைச் சாலையில் விடக் கூடாது.

டிராப் ஸ்பின்டில் என்பது சக்கர அச்சை, பால் ஜாயின்டுகளோடு ஒப்பிடுகையில் இரண்டு அங்குலம் மேலே வைத்து வார்க்கப்பட்டது. ஆர்ம்கள் ஆலைக் கோணத்திலேயே நிற்கின்றன, ஸ்பிரிங்கின் நீளம் மாறுவதில்லை, பம்ப் ஸ்டாப் வரையிலான பயணமும் அப்படியே இருக்கிறது. மேடு பள்ளச் சாலையில் மென்மையாக ஓட்ட விரும்புவோருக்கு இது பெரிய நன்மை. ஆயினும், மேலே விளக்கிய காம்பர் (டயர் உச்சியின் உள், வெளிச் சாய்வு) குறையையும் இது அப்படியே காப்பாற்றி வைத்துக்கொள்கிறது. உயரமும் சேர்த்துக் கூட்டப்பட்ட டிராப் ஸ்பின்டிலைத் தேர்ந்தெடுத்தால்தான் இரண்டு சிக்கல்களும் தீரும். மேலும், கீழ் பால் ஜாயின்டும் டை ராடு முனையும் ரிம்மின் உள்விளிம்பை நெருங்கிவிடுவதால், ஆலையின் 14 அங்குல ரிம் பெரும்பாலும் பொருந்தாது. 15 அங்குலத்திலும் சில வடிவங்கள் உரசும். சில ஸ்பின்டில்–பிரேக் இணைகள் சக்கரத்தைச் சற்று வெளியே தள்ளும் என்பதால், ஃபென்டர் விளிம்பில் டயர் உரசுமா என்பதை வாங்கும் முன்பே விற்பவரிடம் அளவு கேட்டு உறுதி செய்யுங்கள்.

காயில்ஓவர் என்பது ஷாக்கையும் ஸ்பிரிங்கையும் ஒரே அலகாக்கி, திருகு வளையத்தால் உயரத்தை மாற்ற வசதி தருவது. கியூஏ1, வைக்கிங், ரைட்டெக் ஆகியோரின் தொகுப்புகள் செவெலுக்கு நேரடியாகக் கிடைக்கின்றன. இதில் கவனிக்க வேண்டிய ஒன்றை விளம்பரங்கள் முன்னிறுத்துவதில்லை: எடை எந்த வழியாகச் சேஸிஸுக்குப் போகிறது என்பது. ஆலையில் ஷாக்கின் மேல் துளையும், கீழ் ஆர்மில் அதைப் பிடிக்கும் இரண்டு சிறிய போல்ட்டுகளும் ஷாக்கின் விசையை மட்டும் தாங்க அமைக்கப்பட்டவை. காரின் எடையைத் தாங்க அல்ல. மேலே பழைய ஸ்பிரிங் கூட்டிலேயே பாரத்தை ஏற்றி, கீழே காயில்ஓவருக்கென உறுதியான பிடிப்புள்ள ஆர்மோடு வரும் தொகுப்பையே தேர்ந்தெடுங்கள். இடது வலது மூலைகளின் எடையைச் சமன் செய்யவும், பல விறைப்புகளை முயன்று பார்க்கவும் விரும்புவோருக்குக் காயில்ஓவருக்கு நிகர் இல்லை. ஒருமுறை உயரத்தை அமைத்துவிட்டு மறந்துவிடுபவருக்கு அது தேவைக்கு மீறிய செலவு.

காற்று ஸ்பிரிங்குகள் நிறுத்தும்போது காரைத் தரையோடு அமர்த்தவும், ஓட்டும்போது உயர்த்தவும் உதவும். கம்ப்ரசர், தொட்டி, வால்வு, குழாய் என்று பழுதாகக்கூடிய பாகங்கள் பல சேர்ந்துகொள்கின்றன. காட்சிக்கு நிறுத்தும் காருக்கு அவை பொருத்தமானவை.

தெருவுக்கான செவெலுக்கு என் பரிந்துரை இதுதான்: திருத்தப்பட்ட மேல் ஆர்ம், வழக்கத்தைவிட அரை அங்குலம் உயரமான மேல் பால் ஜாயின்ட், எஞ்சினின் எடைக்கேற்ற 500 முதல் 600 பவுண்டு வரையிலான விறைப்பில் ஓர் அங்குலம் முதல் ஒன்றரை அங்குலம் வரை தாழ்த்தும் ஸ்பிரிங். அதற்கும் கீழே போக வேண்டும் என்றால் உயரமான டிராப் ஸ்பின்டிலுக்குச் செல்லுங்கள். ஸ்பிரிங்கை மேலும் குட்டையாக்காதீர்கள்.

படி 6: ஷாக், பம்ப் ஸ்டாப், ஆன்டி-ரோல் பார்

ஸ்பிரிங்கால் தாழ்த்திய காரில் ஆலை நீள ஷாக், முழுவதும் அமுங்கிய நிலையில் அடியில் முட்டக்கூடும். தாழ்த்திய உயரத்துக்கென்று செய்யப்பட்ட ஷாக்கை வாங்குங்கள். டிராப் ஸ்பின்டில் போட்டவர்களுக்கு ஆலை நீளமே சரி. பில்ஸ்டைன் போன்ற ஒற்றைக்குழாய் வாயு ஷாக்குகள் உள்ளழுத்தத்தால் காரை மிகச் சிறிதளவு உயர்த்தும். விறைப்பைக் கூட்டிய ஸ்பிரிங்குக்கு, அது விரியும் வேகத்தை அடக்கும் ஆற்றலுள்ள ஷாக் தேவை. பழைய மென்மையான ஷாக்கோடு 550 பவுண்டு ஸ்பிரிங்கைப் போட்டால் கார் ஒவ்வொரு மேட்டுக்குப் பிறகும் ஆடிக்கொண்டே போகும். பம்ப் ஸ்டாப்பைக் கழற்றி எறிய வேண்டாம். அதைவிடக் குட்டையான, படிப்படியாக இறுகும் பாலியூரித்தேன் தடுப்பைப் போடுங்கள்.

ஆன்டி-ரோல் பாரின் விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. ஓர் அங்குலத் திண்மத் தண்டிலிருந்து ஒன்றேகால் அங்குலத்துக்குப் போனால் விறைப்பு ஏறத்தாழ 2.4 மடங்காகிறது. முன்னால் மட்டும் இவ்வளவு கூட்டினால் கார் வளைவில் நேராகச் செல்லவே முயலும் என்பதால், பின்புற ஆர்ம்களையும் பாரையும் அதோடு சேர்த்தே திட்டமிட வேண்டும்.

படி 7: ரிம்மும் டயரும்

சஸ்பென்ஷனை முடிவு செய்த பிறகே ரிம் வாங்க வேண்டும். போல்ட் வட்டம் 4.75 அங்குலத்தில் ஐந்து போல்ட்டுகள். 17 அங்குல ரிம்மில் 245/45 அளவு டயரின் விட்டம் சுமார் 25.7 அங்குலம், தாழ்த்திய செவெலின் முன்பக்கத்துக்கு அது நல்ல அளவு. ஸ்டியரிங்கை முழுவதும் திருப்பிய நிலையில் சேஸிஸிலும், அமுங்கிய நிலையில் ஃபென்டரின் உள்விளிம்பிலும் இடைவெளி இருக்கிறதா என்று, ஸ்பிரிங் இல்லாத நிலையில் சக்கரத்தை ஜாக்கியால் ஏற்றி இறக்கிச் சோதிப்பதே நம்பகமான முறை.

படி 8: பொருத்துதல்

அமுங்கிய முன் ஸ்பிரிங்கில் ஆளைக் கொல்லும் அளவு விசை அடங்கியிருக்கிறது. சேஸிஸை ஸ்டாண்டுகளின் மீது நிறுத்தி, கீழ் ஆர்முக்கு அடியில் ஜாக்கியை வைத்து, ஸ்பிரிங்கைச் சங்கிலியால் சேஸிஸோடு கட்டிய பிறகே பால் ஜாயின்டைப் பிரிக்க வேண்டும். பால் ஜாயின்டின் நட்டை முழுவதும் கழற்றாமல் சில மரைகளில் விட்டுவைத்து, ஸ்பின்டில் விடுபட்டதும் ஜாக்கி ஆர்மைத் தாங்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நட்டை எடுக்க வேண்டும். பிறகு ஜாக்கியை மெதுவாக இறக்குங்கள். ஸ்பிரிங்குக்கு நேரே உடலையோ முகத்தையோ வைக்காதீர்கள்.

புதிய ஸ்பிரிங்கைப் பொருத்தும்போது தட்டையான முனை மேலே வர வேண்டும். கீழ் ஆர்மின் பள்ளத்தில் இரண்டு வடிகால் துளைகள் இருக்கும். ஸ்பிரிங்கின் கீழ்முனை ஒரு துளையை மூடி, மற்றதை முழுவதுமோ ஓரளவோ திறந்து வைக்க வேண்டும். இந்த அமைவு பிசகினால் இரு பக்க உயரமும் ஒன்றாக வராது.

ரப்பர் புஷ்கள் உள்ள ஆர்ம்களின் போல்ட்டுகளை, கார் தன் எடையில் சக்கரங்களின் மீது நிற்கும்போதே இறுதியாக இறுக்க வேண்டும். ஆர்ம் தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கப்பட்ட நிலையிலேயே இருந்து, காரை உயர்த்திப் பிடிப்பதோடு விரைவில் கிழிந்தும் போகும். பாலியூரித்தேன், டெல்ரின் புஷ்களுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. ஸ்பின்டிலை மாற்றியிருந்தால், சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே பேரிங் நட்டை 12 அடி-பவுண்டுக்கு இறுக்கி, பின்பு தளர்த்தி, விரலால் மட்டும் இறுக்கி, காட்டர் பின் எனும் பூட்டு ஊசியின் துளைக்கு நேர்வரும் வரை சற்றுத் தளர்த்திப் பூட்டுங்கள். பிரேக் ஹோஸ் எந்த நிலையிலும் இழுபடாமலும் டயரில் உரசாமலும் இருக்க வேண்டும்.

ஸ்பிரிங்கைப் போடுவதற்கு முன்பே பம்ப் ஸ்டியரை அளந்துவிடுவது நல்லது. ஆர்மை ஜாக்கியால் ஓட்ட உயரத்திலிருந்து இரண்டு அங்குலம் மேலும் இரண்டு அங்குலம் கீழும் நகர்த்தி, ஹப்பில் பொருத்திய நேர்ப்பலகையின் முன், பின் முனைகள் எவ்வளவு நகர்கின்றன என்று பாருங்கள். வித்தியாசம் 1/16 அங்குலத்துக்குள் அடங்கினால் தெருக் காருக்கு அது போதும்.

படி 9: அலைன்மென்ட்டும் முதல் சில வாரங்களும்

ஆலைக் கையேட்டின் அலைன்மென்ட் எண்களை ரேடியல் டயருக்குப் பயன்படுத்த வேண்டாம். அக்காலத்தில் காஸ்டர் பூஜ்யத்தை ஒட்டியோ அதற்கும் கீழோ வைக்கப்பட்டது. அதனால்தான் பழைய செவெல்கள் நெடுஞ்சாலையில் அலைகின்றன. பவர் ஸ்டியரிங் உள்ள காருக்குக் காஸ்டர் +4 முதல் +6 பாகை, பவர் இல்லாததற்கு +2 முதல் +3, காம்பர் –0.5 முதல் –1 பாகை. டோ-இன் (சக்கரங்களின் முன்விளிம்புகள் உள்நோக்கித் திரும்பியிருக்கும் அளவு) மொத்தமாக 1/16 முதல் 1/8 அங்குலம். மேல் ஆர்ம் தண்டுக்கும் சேஸிஸுக்கும் இடையிலுள்ள ஷிம் தகடுகளே காஸ்டரையும் காம்பரையும் அமைக்கின்றன. ஆலை ஆர்மோடு இந்தக் காஸ்டரைப் பெற முயன்றால் ஷிம் அடுக்கு மிகத் தடிமனாகி, போல்ட்டில் நட்டுக்குப் போதிய மரை மிஞ்சாது. திருத்தப்பட்ட ஆர்மை முதலிலேயே வாங்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

புதிய ஸ்பிரிங்குகள் சில நூறு மைல்களில் சற்று உட்காரும். அதற்குப் பிறகு உயரத்தை மீண்டும் அளந்து, அலைன்மென்ட்டை மறுபடி சரிபார்த்து, ஆர்ம், ஆன்டி-ரோல் பார், ஸ்டியரிங் போல்ட்டுகளை ஒருமுறை டார்க் ரெஞ்சால் சோதியுங்கள். முன்பக்கம் தாழ்ந்ததால் முகப்பு விளக்குகளின் ஒளியும் தாழ்ந்து சாலையின் அருகிலேயே விழும். இரவில் ஓட்டுவதற்கு முன் சுவருக்கு எதிரே நிறுத்தி அவற்றின் உயரத்தையும் திருத்திவிடுங்கள்.